எலும்பு என்னும் அணைக்கட்டு

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. உடலாகிய நம் வீட்டுக்குச் சுவராகவும் தூணாகவும் விளங்குவது எலும்பு. கண் மங்கினால் கண்ணாடி போடுகிறோம். பல் ஆடினால் பல் மருத்துவரிடம் ஓடுகிறோம். எலும்பையோ அது முறியும் வரை நாம் நினைப்பதே இல்லை. அதிலும் நம் வீட்டுப் பாட்டிமாரின் எலும்பை யார் நினைக்கிறார்கள்?

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து வீடு திரும்பிய என் பாட்டி, வாசற்படியில் கால் இடறிக் கையை ஊன்றி விழுந்தார். மாடியிலிருந்து விழவில்லை, நின்ற இடத்திலேதான் விழுந்தார். ஆனால் வலது கை மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. மருத்துவமனையில் கட்டுப் போட்டார்கள். ரத்தமும் சோதித்தார்கள். சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 9.4 மில்லிகிராம் என்று தாளில் இருந்தது. அது 8.5 முதல் 10.5 வரை இருக்கலாம் என்றும் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது. "சத்துக் குறைவு ஒன்றும் இல்லை. வயசாச்சு, அவ்வளவுதான்" என்று வீட்டில் எல்லாரும் ஆறுதல் அடைந்தார்கள்.

எனக்கு மட்டும் ஓர் ஐயம். சுண்ணாம்புச் சத்து சரியாக இருக்கிறது என்றால் எலும்பு ஏன் முறிந்தது? எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் கேட்டேன். அவர்கள் சிரித்துவிட்டு, "கால்வாயில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து, அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று உன்னால் சொல்ல முடியுமா?" என்று திருப்பிக் கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

கால்வாயும் அணையும்

நம் காவேரிப்பட்டினத்தார்க்கு அணையைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே 1950-களில் கட்டப்பட்ட கிருஷ்ணகிரி அணை நமக்குக் கூப்பிடு தூரம். அதன் முழுக் கொள்ளளவு உயரம் 52 அடி. மதகைத் திறந்தால் இடதுபுற, வலதுபுறக் கால்வாய்களில் தண்ணீர் ஓடி வயல்கள் நனைகின்றன. அணையில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போனாலும், மதகு திறந்திருக்கும் வரை கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கால்வாயை மட்டும் பார்ப்பவருக்கு அணையின் நிலை தெரியாது.

நம் உடலில் ரத்தம்தான் கால்வாய், எலும்புதான் அணை. வளர்ந்த ஒருவர் உடலில் ஏறக்குறைய ஒரு கிலோ சுண்ணாம்புச் சத்து உண்டு. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதி ஒரு விழுக்காடே ரத்தத்திலும் தசையிலும் பிற உறுப்புகளிலும் இருக்கிறது. ஆனால் அந்தச் சிறு பங்கு இல்லாமல் இதயம் துடிக்காது, தசை சுருங்காது, காயத்தில் ரத்தம் உறையாது. ஆகவே ரத்தத்தில் இதன் அளவு குறைய உடல் இடம் கொடுப்பதே இல்லை.

இதற்குக் காவலாக நம் கழுத்தில், தைராய்டு சுரப்பியின் பின்புறம், அரிசி மணி அளவில் நான்கு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. இவற்றைப் பாராதைராய்டு சுரப்பிகள் என்பர். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சற்றே குறைந்தாலும் இவை ஒரு ஹார்மோனைச் சுரக்கும். உடனே எலும்பிலிருந்து சத்து கரைந்து ரத்தத்தில் சேரும். சிறுநீரகமும் சுண்ணாம்புச் சத்தைச் சிறுநீரோடு போகவிடாமல் பிடித்து வைக்கும். உணவில் சத்துக் குறைந்த ஆண்டுகளிலெல்லாம் எலும்பு இப்படிக் கடன் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ரத்தத்தைச் சோதித்தால் கணக்குச் சரியாகத்தான் வரும். என் பாட்டியின் 9.4-க்கு விளக்கம் இதுவே. கால்வாய் நிறைந்திருந்தது, அணை வற்றியிருந்தது.

ரத்தப் பரிசோதனை வீண் என்று இதற்குப் பொருளல்ல. சிறுநீரகக் கோளாறு, பாராதைராய்டுக் கோளாறு, வைட்டமின் 'டி' குறைவு போன்றவற்றை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் எலும்பின் அடர்த்தியை அறிய வேண்டுமானால் எலும்பையே அளக்க வேண்டும். இதற்கு டெக்ஸா என்னும் கதிர்ப் படக் கருவி உண்டு. இளம் வயதினரின் சராசரி எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டு அது ஒரு மதிப்பெண் தரும். அம்மதிப்பெண் கழித்தல் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் அதை எலும்புப்புரை நோய் எனக் கொள்ளலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு 1994-ஆம் ஆண்டு வரையறுத்தது.

மாதவிடாய் நின்ற பின்

எலும்பு உயிரற்ற கல் அல்ல. நாள்தோறும் அதில் பழைய பகுதியை இடிக்கும் செல்களும், புதிதாகக் கட்டும் செல்களும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. இடிப்பவர் பத்துக் கூடை மண் எடுத்தால் கொத்தனார் பத்துக் கூடை போட்டுவிடுவார். அதனால் சுவர் குறைவதில்லை. இளமையில் கொத்தனார் கை ஓங்கியிருக்கும். ஏறக்குறைய முப்பது வயதில் எலும்பு தன் முழு அடர்த்தியை அடைந்துவிடுகிறது.

பெண்களிடம் இடிக்கும் செல்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன். நம் நாட்டில் பெண்களுக்குப் பெரும்பாலும் 45 முதல் 50 வயதுக்குள் மாதவிடாய் நின்றுவிடுகிறது. அப்பொழுது ஈஸ்ட்ரோஜன் சுரப்பது வெகுவாகக் குறைகிறது. மேற்பார்வையாளர் போன பின் இடிப்பவர்கள் வேகம் கொள்கிறார்கள். கொத்தனாரால் ஈடு கொடுக்க முடிவதில்லை. அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் சிலருக்கு எலும்பு அடர்த்தியில் 20 விழுக்காடு வரை குறைந்துவிடக்கூடும். இந்தத் தொடர்பை 1940-களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டியவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் ஆவார். நோய் காரணமாகக் கருப்பையோடு சினைப்பைகளையும் இளம் வயதிலேயே அறுவைச் சிகிச்சையில் நீக்கிக்கொண்ட பெண்களுக்கு இந்தத் தேய்வு அப்பொழுதே தொடங்கிவிடுகிறது. அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இந்த நோய்க்கு வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. ஓசைப்படாமல் வந்து, ஒரு நாள் மணிக்கட்டிலோ இடுப்பிலோ முதுகெலும்பிலோ முறிவாக வெளிப்படுகிறது. உலகில் 50 வயதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவருக்கு இத்தகைய முறிவு ஏற்படுகிறது என மதிப்பிடுகின்றனர். முதுகெலும்பு சிறிது சிறிதாக நசுங்கும்போது உயரம் குறைகிறது, கூன் விழுகிறது. "பாட்டி ஏன் குட்டையாகிவிட்டார்?" என்று நாம் வேடிக்கையாகக் கேட்கும் கேள்வி உண்மையில் வேடிக்கையானதல்ல.

நம் மண்ணின் நீர்

இதுவரை சொன்னது உலகப் பெண்கள் எல்லாருக்கும் பொது. நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்கு மட்டும் இன்னொரு துன்பம் உண்டு. அது தண்ணீரில் இருக்கிறது.

நம் ஊர்ப் பாறைகள் கருங்கல் வகையைச் சேர்ந்தவை. இவற்றில் ஃபுளோரைடு அடங்கிய கனிமங்கள் கலந்திருக்கின்றன. மழை குறைந்த இப்பகுதியில் ஆழ்துளைக் கிணறு தோண்டத் தோண்ட, நெடுங்காலம் பாறையோடு கிடந்து ஃபுளோரைடைக் கரைத்துக்கொண்ட நீர் மேலே வருகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃபுளோரைடு இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதி. இந்த எல்லையைத் தாண்டிய கிணறுகள் நம் இரு மாவட்டங்களிலும் பல உண்டு.

அளவு மீறிய ஃபுளோரைடு முதலில் குழந்தைகளின் பல்லில் தெரியும். பல் முளைக்கும் வயதில் இந்நீரைக் குடித்தால் பல்லில் மஞ்சளாகவும் பழுப்பாகவும் கோடுகள் விழும். எவ்வளவு துலக்கினாலும் போகாது. பல ஆண்டுகள் குடித்தால் அது எலும்பில் படியும். மூட்டுகள் இறுகும், எலும்புகளை இணைக்கும் நார்களிலும் சுண்ணாம்பு படிந்து முதுகும் கழுத்தும் வளையாமல் போகும். இந்தியாவில் இந்நோயை மருத்துவ உலகம் முதன்முதல் அறிந்துகொண்டது அன்றைய சென்னை மாகாணத்தில்தான். நெல்லூர் மாவட்டத்து மக்களைச் சோதித்த ஷார்ட் முதலிய மருத்துவர்கள் 1937-ஆம் ஆண்டு இதைப் பற்றி எழுதினர்.

நம் மாவட்டங்களுக்கு விடிவாக வந்தது ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம். இத்திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைத்தல் என்னும் நோக்கமும் சேர்ந்திருக்கிறது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட இத்திட்டம் காவிரி நீரைச் சுத்திகரித்து இரு மாவட்டங்களுக்கும் கொண்டு வருகிறது. ஆனால் இன்று அறுபது வயதைக் கடந்த நம் பாட்டிமார் அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் கிணற்று நீரைக் குடித்திருப்பார்கள்! எலும்பில் படிந்த ஃபுளோரைடு சுலபமாகப் போய்விடாது. பல ஆண்டுகளில் மெல்ல மெல்லத்தான் குறையும். போர்வெல் தண்ணீரின் ருசியே தனி என்று சொல்லி இன்றும் அதையே குடிப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

கனமான எலும்பெல்லாம் உறுதியான எலும்பல்ல

இங்கே வியப்பான ஒரு செய்தியைக் கூற வேண்டும். ஃபுளோரைடு படிந்த எலும்பு கதிர்ப் படத்தில் அடர்த்தியாக, வெண்மையாகத் தெரியும். அப்படியானால் மாதவிடாய் நின்று எலும்பு தேய்ந்த பெண்களுக்கு ஃபுளோரைடையே மருந்தாகக் கொடுத்தால் என்ன என்று ஒரு காலத்தில் மருத்துவர்கள் எண்ணினார்கள். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 202 பெண்களிடம் நான்கு ஆண்டுகள் இதைச் சோதித்தார்கள். எல்லாருக்கும் சுண்ணாம்புச் சத்து கொடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் ஃபுளோரைடும் கொடுத்தார்கள். முடிவு 1990-இல் வெளிவந்தது. ஃபுளோரைடு உண்டவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 35 விழுக்காடு உயர்ந்திருந்தது. ஆனால் முதுகெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை. கை, கால் முதலிய மற்ற எலும்புகளின் முறிவோ அதிகமாகிவிட்டது!

காரணம் என்ன? எலும்பில் சுண்ணாம்பும் பாஸ்பரசும் சேர்ந்து படிகங்களாக அமைந்திருக்கின்றன. ஃபுளோரைடு அந்தப் படிகத்துக்குள் நுழைந்து அதன் அமைப்பை மாற்றிவிடுகிறது. எலும்பு கனக்கும், ஆனால் வளைந்து கொடுக்காது. பச்சை மூங்கிலுக்கும் காய்ந்த சுண்ணாம்புக் கட்டிக்கும் உள்ள வேறுபாடு இது. வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் எவ்வளவு எளிதாக ஒடிகிறது!

ஆகவே எலும்புக்குத் தாது உப்புகள் நிறைய வேண்டும் என்பது பாதி உண்மையே. சரியான உப்பு, சரியான அளவில் வேண்டும் என்பதே முழு உண்மை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 1973-ஆம் ஆண்டு எழுதிய ஒரு கட்டுரையும் நமக்குப் பாடமாகிறது. ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் இளம் வயதினருக்குக் கால் முட்டிகள் உள்நோக்கி வளைந்திருப்பதையும், அத்துடன் எலும்புகள் மெலிந்திருப்பதையும் அவர்கள் கண்டார்கள். உணவில் சுண்ணாம்புச் சத்து குறைந்திருந்தால் ஃபுளோரைடின் கேடு இன்னும் கடுமையாகிறது. உணவில் அது போதுமான அளவு இருந்தாலோ, குடலிலேயே ஃபுளோரைடில் ஒரு பகுதியைப் பிடித்து வெளியேற்றிவிடுகிறது. எனவே நல்ல நீரும் நல்ல உணவும் இரண்டும் சேர்ந்தே காவல்.

என்ன செய்யலாம்?

முதலாவது, தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள் அதைச் சோதனைக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். துணி குளிக்கவும் பாத்திரம் கழுவவும் அந்நீர் இருக்கட்டும். குடிக்கவும் சமைக்கவும் காவிரி நீரையோ சேமித்த மழை நீரையோ பயன்படுத்தலாம். ஆர்.ஓ. கருவி ஃபுளோரைடை வெகுவாக நீக்கும். ஆனால் சுண்ணாம்பு, மக்னீசியம் முதலிய நல்ல உப்புகளையும் சேர்த்தே நீக்கிவிடும். அந்த இழப்பை உணவில் ஈடு செய்ய வேண்டும்.

இரண்டாவது, உணவு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாள் ஒன்றுக்கு 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. நூறு கிராம் அரிசியில் இருப்பது பத்து மில்லிகிராம் அளவே. அதே நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு! "ராகிக் களி ஏழைச் சாப்பாடு" என்று ஒதுக்குபவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நூறு மில்லிலிட்டர் பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம். நூறு கிராம் முருங்கைக் கீரையில் 300-க்கு மேல். எள்ளில் ஆயிரத்துக்கும் மேல்.

நான் பாட்டிக்காக ஒரு கணக்குப் போட்டேன். நூறு கிராம் கேழ்வரகு மாவில் களி அல்லது கூழ், 350. பாலும் தயிருமாக 300 மில்லிலிட்டர், 360. ஐம்பது கிராம் முருங்கைக் கீரைப் பொரியல், 150. பத்து கிராம் எள்ளுப் பொடி, 130. கூட்டினால் 990 மில்லிகிராம். மீதியைப் பருப்பும் பிற கீரையும் கொடுத்துவிடும். இவற்றில் எதுவும் நம் ஊர்ச் சந்தையில் கிடைக்காத பொருள் அல்ல. கேழ்வரகை ஊறவைத்து முளை கட்டியோ, மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துக் கூழாகவோ உண்டால் அதிலுள்ள சத்து உடலில் நன்றாகச் சேரும். உப்பை மிகுதியாகத் தின்றால் சுண்ணாம்புச் சத்து சிறுநீரோடு வெளியேறும் என்பதால் ஊறுகாயையும் கருவாட்டையும் அளவோடு நிறுத்த வேண்டும். சிறுநீரகக் கல்லோ வேறு நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும்.

மூன்றாவது, வெயில். வைட்டமின் 'டி' இல்லாவிட்டால் உண்ட சுண்ணாம்பு குடலைத் தாண்டாது. சூரிய ஒளி தோலில் படும்போது உடல் இதைத் தானே செய்துகொள்கிறது. வெயில் நிறைந்த நம் நாட்டிலேயே இக்குறைபாடு பரவலாக இருப்பது வெட்கத்துக்குரியது. பாட்டிமாரை வீட்டு மூலையில் உட்கார வைக்காமல், கையிலும் காலிலும் வெயில் படும்படி தினமும் சிறிது நேரம் வாசலில் உட்கார விடுவோம்.

நான்காவது, நடை. வேலை செய்யும் எலும்பே வலுப்பெறும். நடப்பதும் படி ஏறுவதும் எலும்புக்கு உணவு போன்றவை. கூடவே வழுக்கும் குளியலறை, இருட்டான வாசற்படி, தேய்ந்த செருப்பு இவற்றையும் கவனிக்க வேண்டும். விழாமல் காப்பதும் முறியாமல் காப்பதே.

ஐந்தாவது, மருத்துவரிடம் சொல்லுதல். உயரம் குறைந்தாலோ, கூன் விழுந்தாலோ, சிறு இடறலில் எலும்பு முறிந்தாலோ "வயசாச்சு" என்று விட்டுவிடக் கூடாது. எலும்பின் தேய்வைத் தடுக்க இன்று நல்ல மருந்துகள் உண்டு. ஃபுளோரைடு பாதிப்பு இருக்குமோ என ஐயம் வந்தால் எளிய சோதனைகள் மூன்று: முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா? மோவாயை மார்பில் படும்படி தாழ்த்த முடிகிறதா? இரு கைகளையும் மடக்கிப் பிடரியைத் தொட முடிகிறதா? இவை நோய் என்று தீர்ப்புக் கூறும் சோதனைகள் அல்ல; மருத்துவரைப் பார்க்கச் சொல்லும் அடையாளங்கள் மட்டுமே. என் பாட்டி முதலிரண்டைச் செய்துவிட்டார். மூன்றாவதில் கை பாதியில் நின்றது. அது வெறும் தோள்வலியாகவும் இருக்கலாம். அடுத்த முறை செல்லும்போது கேட்க வேண்டும் என்று அம்மா குறித்து வைத்திருக்கிறார்.

அன்புத் தோழியரே!

இதை எழுதத் தொடங்கியபோது, மாதவிடாயைப் பற்றிப் பள்ளி மலரில் எழுதலாமா என்று நான் கூச்சப்பட்டேன். "கூச்சத்தால்தான் நம் தாய்மார் வலியை மறைத்தே பழகிவிட்டார்கள். நீ எழுது" என்று சகோதரி தைரியம் சொன்னார்கள். உண்மைதான். என் அம்மாவுக்கு இப்போது 46 வயது. முழங்கால் வலியைப் பற்றி அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பாட்டிக்குக் கணக்குப் போட்ட அன்றுதான் என்னிடம் மெல்லச் சொன்னார். வீட்டில் எல்லாருக்கும் பால் ஊற்றிய பின் தமக்கு மிஞ்சுவதைக் குடிப்பவர் அவர். இப்பொழுது அவருடைய தம்ளரை நான்தான் முதலில் நிரப்பி வைக்கிறேன்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. நம் வயதுதான் அணை நிரம்பும் மழைக்காலம். இப்போது சேர்த்ததை வைத்துத்தான் ஐம்பதாவது வயதுக் கோடையைக் கடக்க வேண்டும். களியைத் தள்ளிவிட்டுப் பொட்டலத் தின்பண்டத்தை வாங்கும்போதும், கருத்துவிடுவோம் என்று வெயிலுக்கு ஒளியும்போதும் நம் அணைக்கு வரும் நீரை நாமே தடுக்கிறோம்.

அக்டோபர் மாதம் ஜெபமாலை மாதம். அம்மாதம் 20-ஆம் நாள் உலக எலும்புப்புரை நோய் விழிப்புணர்வு நாளாகவும் இருக்கிறது. மாலையில் பாட்டியோடு அமர்ந்து ஜெபமாலை சொல்லும்போது, அவர் முழந்தாளிட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், "எங்கே வலிக்கிறது பாட்டி? எத்தனை நாளாக?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெற்றோரைப் போற்றச் சொல்லும் நான்காம் கட்டளையைக் கடைப்பிடிக்க அதுவும் ஒரு வழியே.

பாட்டியின் கை கூடிவிட்டது. களி கிண்ட மட்டும் இன்னும் வலு வரவில்லை. ஆகவே துடுப்பு இப்போது என் கையில் இருக்கிறது.